ஊர் சுத்தலாம் வாங்க: ராஜா தூங்குற மலையும் ஷூ திருடுற நரியும்

போன வாரம் வரைக்கும் ரயில், கப்பல்னு சொகுசா சுத்திட்டோம். இந்த வாரம் கொஞ்சம் மூச்சு வாங்கப் போறோம். நிஜமாவே மூச்சு வாங்கும். ஏன்னா போறது 3,479 மீட்டர் உயரத்துக்கு!

ஸ்பெயின்னா உடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது மாட்டுச் சண்டையும் ஃபுட்பாலும்தான். ஆனா தெற்கே அந்தலூசியா பக்கம் கிரனாடானு ஒரு ஊர் இருக்கு. ஸ்பானிஷ்ல 'கிரனாடா'ன்னா மாதுளம்பழம். ஸ்பெயின் நாட்டு அரசுச் சின்னத்தோட அடியில குட்டியா ஒரு மாதுளம்பழம் இருக்கே, அது இந்த ஊரைக் குறிக்கத்தான். 1531-ல தொடங்கின பல்கலைக்கழகம் உண்டு. ஐரோப்பாவுல எராஸ்மஸ் பசங்க அதிகமா வந்து குவியற கேம்பஸ்கள்ல இதுவும் ஒண்ணு. அடியேனும் அங்க ஒரு செமஸ்டர் பெஞ்ச் தேய்ச்சவன்கிறதால, இந்த ஊரைப் பத்தி எழுதறதுக்குக் கொஞ்சம் உரிமை இருக்குனு நினைக்கிறேன்.

கிளாஸ் ரூம் ஜன்னல்ல இருந்து பார்த்தா பனி மலை தெரியும். கீழே நாம டி-ஷர்ட்ல வேர்த்து வழிஞ்சிட்டு இருப்போம். மேலே வெள்ளையா ஐஸ்கிரீம் மாதிரி மலை! அதுதான் சியரா நெவாடா. பேருக்கு அர்த்தமே 'பனி மலைத்தொடர்'தான். அதைப் பார்த்துக்கிட்டே எந்த புரொஃபசர் நடத்தினா என்ன, மண்டையில ஏறுமா?

மலை ஏறுறதுக்கு முன்னாடி ஊரை முடிச்சிடுவோம்.

கிரனாடாவுக்கு வர்ற நூத்துல தொண்ணூறு பேர் வர்றது அல்ஹம்ப்ராவுக்காக. 'சிவப்புக் கோட்டை'னு அர்த்தம் வர்ற அரபுப் பேரு. 1238-ல நஸ்ரித் வம்சத்து ராஜா முதலாம் முகமது கட்ட ஆரம்பிச்சார். அடுத்தடுத்து வந்த ராஜாக்கள் ஆளுக்கொரு அரண்மனை, ஆளுக்கொரு முற்றம்னு சேர்த்துக்கிட்டே போனாங்க. 12 சிங்கம் சுமக்குற நீரூற்று ஒண்ணு இருக்கே, போட்டோவுலயாவது பார்த்திருப்பீங்க. அதோட விளிம்புல இப்ன் ஸம்ராக்ங்கிற கவிஞர், மந்திரியாவும் இருந்தவர், எழுதின கவிதையை வெட்டி வெச்சிருக்காங்க. அங்க சுவரே புத்தகம்தான். நமக்குத்தான் படிக்கத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. 'நேரா போய் கவுன்ட்டர்ல டிக்கெட் வாங்கிக்கலாம்'னு நம்ம ஊர் தியேட்டர் மாதிரி நினைச்சிடாதீங்க. முன்கூட்டியே பதிவு பண்ணணும். டிக்கெட்ல நம்ம பேரு இருக்கும், பாஸ்போர்ட்டைக் காட்டணும். நஸ்ரித் அரண்மனைக்குள்ள நுழையறதுக்குன்னு தனியா ஒரு நேரம் போட்டிருக்கும். 11.30-னா 11.30. நான் முதல் தடவை தோட்டத்துல பராக்கு பார்த்துட்டு லேட்டா போய் நின்னேன். வாசல்ல இருந்த அம்மா ரொம்ப அன்பா சிரிச்சாங்க. உள்ளே மட்டும் விடலை. தப்பு என்னுதுதான். அப்புறம் இன்னொரு டிக்கெட்டுக்காக ஒரு வாரம் பன்னும் பாலுமா ஓடிச்சு.

காசு இல்லாதவங்களுக்கும் வழி உண்டு. கோட்டைக்குள்ளேயே அஞ்சாம் சார்லஸ் ராஜா கட்டின பெரிய அரண்மனை இருக்கு. வெளியே சதுரம், உள்ளே வட்டமான முற்றம். அதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. அப்புறம் எதிர்க் குன்றுல அல்பைசின்கிற பழைய அரபுக் குடியிருப்பு. ஆட்டோ நுழையாத சந்து, வெள்ளை வீடு, சுவத்துக்கு மேல எட்டிப் பார்க்குற செடிகொடி. மேலே போனா சான் நிக்கோலாஸ்னு ஒரு திடல். அங்கிருந்து பார்த்தா முன்னாடி அல்ஹம்ப்ரா, பின்னாடி பனி மலை. 1997-ல அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் வந்து இங்கே சூரியன் மறையறதைப் பார்த்துட்டு ஆஹா ஓஹோனு சொல்லிட்டுப் போனதுல இருந்து, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல அந்தத் திடல்ல கால் வைக்க இடம் கிடைக்கறதில்லை. விடியக்காலையில போங்க. ஒரு நாயும் நீங்களும் மட்டும்தான் இருப்பீங்க.

சாப்பாடு மேட்டருக்கு வருவோம். கிரனாடாவுல எந்தக் கடையில ஒரு டிரிங்க் வாங்கினாலும் கூடவே ஒரு தட்டு தீனி இலவசம். 'தாப்பாஸ்'. மூணு கடை ஏறி இறங்கினா ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சது. ஹாஸ்டல் பட்ஜெட்காரனுக்கு இதைவிட சொர்க்கம் வேணுமா? சைவப் பட்சிகள் மட்டும் உஷார்! தட்டுல எதுவா இருந்தாலும் ஒரு மெல்லிசு பன்றித் துண்டு ஓரமா ஒளிஞ்சிருக்கும். வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

இப்ப ஒரு சின்ன சரித்திரம். தூங்கிடாதீங்க, இது கேம்பிங் கதை!

1491. கிரனாடாதான் ஸ்பெயின்ல மிச்சம் இருந்த கடைசி முஸ்லிம் ராஜ்ஜியம். இசபெல்லா ராணியும் ஃபெர்டினாண்ட் ராஜாவும் முற்றுகை போட்டு உட்கார்ந்தாங்க. படைக்கு டென்ட் அடிச்ச இடம் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. 'இவ்ளோதானே'னு அதே இடத்துல கல்லும் மண்ணும் வெச்சு ஒரு ஊரையே கட்டிட்டாங்க. சாந்தா ஃபே. கிரனாடாவுல இருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இன்னிக்கும் இருக்கு. 1492 ஜனவரி 2-ஆம் தேதி கிரனாடா சரணடைஞ்சது. அதே வருஷம் ஏப்ரல் 17-ல அதே சாந்தா ஃபேல வெச்சுத்தான் கொலம்பஸோட கடல் பயண ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. மேப்பையே மாத்தின கேம்பிங்னா அதுதான். அந்த ஊர்ல 'பியோனோனோ'னு ஒரு குட்டி கேக் கிடைக்கும். விரல் நீளம்தான், வாயில போட்டா கரைஞ்சிடும். பஸ் ஏறிப் போய் அதைச் சாப்பிட்டுட்டு வரலாம், தப்பேயில்லை.

தோத்த ராஜா பேரு போவப்தில். சாவியைக் கொடுத்துட்டு தெற்கே மலைப் பக்கம் கிளம்பினவர், ஊர் கடைசியா கண்ணுல படுற கணவாய்ல நின்னு திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். அந்த இடத்துக்கு இன்னிக்கும் 'மூரின் பெருமூச்சு'னுதான் பேரு. பக்கத்துல நின்ன அவங்கம்மா 'ஆம்பளையா காப்பாத்தத் துப்பில்லை, இப்ப அழறியா'ங்கிற மாதிரி திட்டினதா ஒரு கதை. பின்னாடி யாரோ சேர்த்த மசாலானுதான் தோணுது. இப்ப அந்தக் கணவாய் வழியா நெடுஞ்சாலை போகுது. பஸ் மலைக்குப் போறப்ப ஒரே ஒரு செகண்டு போர்டு தெரியும். திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சது பின்சீட்டுப் பாட்டியோட கோழிக்கூடைதான்.

சரணடையும்போது 'உங்க மதம், உங்க மொழி, உங்க வழக்கம் எதையும் தொட மாட்டோம்'னுதான் எழுதிக் கொடுத்தாங்க. பத்து வருஷம்கூட தாங்கலை. கட்டாய மதமாற்றம் வந்தது. இன்னிக்கு நாம சுர்ரோஸை சாக்லேட்டுல முக்கிச் சாப்பிடுற பிப்-ரம்ப்லா சதுக்கத்துலதான் அரபுப் புத்தகங்களைக் குவிச்சுக் கொளுத்தினதா சொல்றாங்க. 1568-ல மலைக் கிராமங்கள் கொதிச்சு எழுந்துச்சு. 1571-க்குள்ள அடக்கிட்டாங்க. அங்க இருந்த ஜனங்களை மொத்தமா வெளியேத்திட்டு வடக்கே இருந்து ஆட்களைக் கொண்டு வந்து குடி வெச்சாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நாம ஏறப்போற மலைல அவங்க விட்டுட்டுப் போனது ஒண்ணு இன்னும் ஓடிட்டு இருக்கு. தண்ணி!

கிரனாடாவுல இருந்து தெற்குச் சரிவுக்குப் பேரு அல்புஹாரா. பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரானு ஒரு பள்ளத்தாக்கோட ஓரத்துல மூணு கிராமம், ஒண்ணுக்கு மேல ஒண்ணு படிக்கட்டு மாதிரி. தட்டையான கூரை, அது மேல 'லவ்னா'ங்கிற சாம்பல் களிமண். மழைத்தண்ணி இறங்காது. புகைபோக்கிக்குத் தொப்பி போட்ட மாதிரி மூடி. சந்துக்கு மேலேயே வீடு கட்டியிருப்பாங்க, அடியில நடந்து போகலாம். மொராக்கோ மலைக் கிராமங்கள்ல இதே மாதிரி வீடுகள் உண்டு. (ஜெனிசிஸ் பேண்ட் தெரியுமா? அதோட ஆரம்பகால டிரம்மர் கிறிஸ் ஸ்டூவர்ட் எல்லாத்தையும் விட்டுட்டு இந்தப் பக்கம் வந்து ஆடு வளர்த்தார். அதைப் பத்தி அவர் 1999-ல எழுதின புத்தகம் சக்கைப் போடு போட்டுச்சு. நாமளும் அரியர்ஸ் தொல்லை தாங்காம இப்படி ஏதாவது பண்ணலாம்.)

அந்தக் கிராமங்களுக்கு மேலே மலையைச் சுத்தி வாய்க்கால் வெட்டியிருக்காங்க. 'அசேக்கியா'. அரபு வார்த்தைதான். இதுல ஒரு வகை இருக்கு, 'கரேயோ' வாய்க்கால். இதோட மூளையை நினைச்சா இன்னிக்கும் எனக்குப் புல்லரிக்கும். வசந்த காலத்துல பனி உருகி தண்ணி தடதடனு ஓடும். அப்ப வயலுக்குத் தேவை இல்லை. கோடையில வயல் காயும், அப்ப மேலே பனி இருக்காது. என்ன பண்றது? அணை கட்டலை. உருகுற தண்ணியை வாய்க்கால்ல திருப்பி, மலை மேலேயே மண்ணு இளகலா இருக்குற இடத்துல விட்டுட்டாங்க. தண்ணி உள்ளே இறங்கிடும். பாறை இடுக்குல மெள்ள மெள்ள நகர்ந்து, சில வாரமோ சில மாசமோ கழிச்சு, கீழே ஊத்தா வெளியே வரும். கரெக்டா வெயில் காலத்துல! மலையையே தண்ணித் தொட்டியா ஆக்கிட்டாங்க. மோட்டார் இல்லை, கரன்ட் பில் இல்லை.

வாய்க்காலைப் பார்த்துக்க நம்ம ஊர் நீர்க்கட்டி மாதிரி ஒரு ஆள் உண்டு. மடை திறக்கறது, அடைப்பு எடுக்கறது, யாருக்கு எவ்ளோ நேரம்னு முறை வைக்கறது எல்லாம் அவர்தான். ஆனா போன நூற்றாண்டுல இளவட்டங்கள் பட்டணத்துக்குப் போயிட்டாங்க. வாய்க்கால் தூர்ந்து போச்சு. கீழே ஊத்துகளும் சோர ஆரம்பிச்சது. அப்பத்தான் கிரனாடா பல்கலைக்கழகத்துல 'மெமோலேப்'னு ஒரு ஆய்வுக்குழு, தொல்லியல் ஆட்கள்தான், 2014-ல காஞ்யார்ங்கிற கிராமத்து வாய்க்காலை மண்வெட்டியோட தோண்டித் தூர் எடுக்க இறங்கினாங்க. கூட வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஸ்டூடண்ட்ஸ், தன்னார்வலர்கள், ஊர்ப் பெருசுங்க. தாத்தா கையைக் காட்டி 'இங்கே வெட்டு'ம்பார், ஹிஸ்டரி பையன் வெட்டுவான். அப்புறம் இன்னும் பல வாய்க்கால்களுக்குப் போனாங்க. நான் ஒரே ஒரு சனிக்கிழமை வேற ஒரு கிராமத்துல மண்வெட்டி பிடிச்சேன். ரெண்டு கையும் கொப்புளம். மத்தியானம் மடையைத் திறந்ததும், வெட்டின பள்ளத்துல தண்ணி நாக்கை நீட்டிக்கிட்டு காய்ஞ்ச இலைகளைத் தள்ளிட்டு வந்தது பாருங்க... பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் தொப்பியைக் கழட்டிட்டார்.

சரி, இப்ப மலை.

சியரா நெவாடாவுல ஏறக்குறைய 2,100 வகைச் செடிகள் இருக்கு. அதுல 80 வகை போல உலகத்துல வேறெங்கேயும் கிடையாது. 1986-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக்குச்சு, 1999-ல தேசியப் பூங்கா ஆச்சு. உச்சி முலாசென், 3,479 மீட்டர். ஐபீரிய தீபகற்பத்துலயே உயரம் இதுதான். (ஸ்பெயின்லயே உயரம் எதுனு குவிஸ்ல கேட்டா ஏமாந்துடாதீங்க. அது கானரித் தீவுல இருக்கிற டெய்டே, 3,715 மீட்டர்.) போவப்திலோட அப்பா முலே ஹசேன் பேருதான் மருவி முலாசென் ஆச்சு. மனுஷக் கண்ணே படாத இடத்துல என்னைப் புதைனு அவர் கேட்டதாகவும், ஆசை மனைவி ஸொராயா இந்த உச்சிக்குக் கொண்டு வந்து புதைச்சதாகவும் கதை. இன்னிக்கு கோடைல ஒரு ஞாயித்துக்கிழமை மேலே நிக்கிற கூட்டத்தைப் பார்த்தா ராஜா ரொம்ப வருத்தப்படுவார்.

நானும் என் ரூம்மேட்டும் கிளம்பினது செப்டம்பர் முதல் வாரம். அவன் மதுரைக்காரன், பொறுமைங்கிற பாடத்துல மட்டும் என்னிக்குமே அரியர். திட்டம் என்னன்னா, கிரனாடாவுல இருந்து பஸ்ல த்ரெவேலெஸ் போறது. 1,476 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர், தெருவெல்லாம் பன்றித் தொடை தொங்கும். அங்கிருந்து நடந்து சியெட்டே லகூனாஸ், அதாவது ஏழு ஏரி. 2,900 மீட்டர்கிட்ட ஒரு பள்ளத்துல ஏழு குட்டி ஏரி. ராத்திரி அங்க டென்ட். காலையில உச்சி. மதியம் இறக்கம். பேப்பர்ல பக்கா பிளான்!

ஒரு விஷயம். ஸ்பெயின்ல நினைச்ச இடத்துல டென்ட் அடிக்க முடியாது. பல இடங்கள்ல போலீஸ் வந்து அபராதம் போடும். சியரா நெவாடாவுல உயரமான பகுதிகள்ல ராத்திரி தங்கறதுக்கு அனுமதி இருக்கு. ஆனா பூங்கா அலுவலகத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லணும். பொழுது சாயறப்ப டென்ட் போடணும், விடிஞ்சதும் பிரிச்சுடணும். ஏரிக்கரையை ஒட்டி போடக் கூடாது. நெருப்பு மூட்டறது மூச்! விதிகளை அப்பப்ப மாத்துவாங்க, போறதுக்கு முன்னாடி பூங்கா தகவல் மையத்துல ஒரு எட்டு கேட்டுடுங்க. டென்ட் வேண்டாம்னா போக்கெய்ரா விடுதி இருக்கு, 2,500 மீட்டர்ல. படுக்கை, சூடான சாப்பாடு, எல்லாம் கிடைக்கும்.

முதல் தப்பு, பஸ்ஸை நம்பினது. பஸ் மேல தப்பில்லை, ஒரு நாளைக்கு சிலதுதான் இருக்குனு தெரிஞ்சும் ரெண்டாவது பஸ்ஸைப் பிடிச்சது எங்க சோம்பல். த்ரெவேலெஸ்ல இறங்கினப்ப மணி ரெண்டு. உச்சி வெயில். 1,400 மீட்டர் ஏறணும். ஆறு மணி நேரம். கடைசியா சோர்ரேராஸ் நெக்ராஸ்னு கறுப்புப் பாறைல வழியற அருவி ஓரமா கையையும் காலையும் ஊன்றி ஏறினோம். மேலே போய் நின்னா... பேச்சே வரலை. பச்சைப் புல்வெளி நடுவுல கண்ணாடித் துண்டுகளைச் சிதற விட்ட மாதிரி ஏரி. ஒரு பக்கம் முலாசென், இன்னொரு பக்கம் அல்காஸபா சிகரம், 3,371 மீட்டர். தூரத்துல காட்டு ஆடுகள், வளைஞ்ச கொம்போட, எங்களை 'யாருப்பா இவனுங்க'னு பார்த்துட்டு நின்னுச்சு.

வெயில் போச்சு, குளிர் வந்தது. இங்கே ஒரு பிசிக்ஸ். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும். கிரனாடா இருக்கிறது 700 மீட்டர் கிட்ட. நாங்க நிக்கறது 2,900. கணக்குப் போடுங்க, பதினாலு டிகிரி! கீழே ராத்திரி 17-ன்னா மேலே 3. ரூம்மேட் கொண்டு வந்தது அவன் அக்கா ஊர்ல இருந்து அனுப்பின போர்வை. இன்னொரு பிசிக்ஸ். அந்த உயரத்துல தண்ணி 90 டிகிரியிலயே கொதிச்சிடும். எங்க ஆள் வீட்டுச் சாப்பாடுதான் வேணும்னு துவரம் பருப்பு எடுத்துட்டு வந்திருந்தான். கேஸ் ஸ்டவ்ல ஒன்றரை மணி நேரம் கொதிச்சது. பருப்பு கல்லு மாதிரியே சிரிச்சிட்டு இருந்தது. கடைசியில கடிச்சே சாப்பிட்டோம்.

அலுப்புல ஷூவையும் சாப்பாட்டுப் பையையும் டென்ட் வாசல்லயே போட்டுட்டுத் தூங்கிட்டோம். ரெண்டாவது தப்பு.

ராத்திரி ஏதோ சர்ர்னு சத்தம். டார்ச் அடிச்சா ரெண்டு பச்சைக் கண்ணு. நரி! சியெட்டே லகூனாஸ் நரிகள் திருட்டுக்குப் பேர் போனதுங்கனு அப்புறம்தான் தெரிஞ்சது. மலையேறுறவங்க போடுற தீனியைத் தின்னு தின்னு பயமே விட்டுப் போச்சு. சப்பாத்தி, சீஸ் எல்லாம் காலி. அதுகூடப் பரவாயில்லை. ரூம்மேட்டோட இடது கால் ஷூவைக் காணோம்.

காலையில ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய ஆளுங்க, ஒத்தை ஷூவைத் தேடி மூணு மணி நேரம் புல்வெளி பூரா அலைஞ்சோம். அவன் ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல ஹவாய் செருப்பு. ஒரு வழியா நூறு மீட்டர் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால கிடைச்சது. லேஸைக் கடிச்சுத் துப்பியிருந்தது. மணி பத்து.

கூர்டா தெல் ரெசுய்யோனு ஒரு மலை முதுகு. அதுல ஏறினோம். பாதி தூரத்துல மூச்சு முட்டுது. உச்சியில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். பத்து அடி நடக்குறது, நிக்கறது. பன்னிரண்டே கால் இருக்கும், 3,300 மீட்டர் தாண்டிட்டோம். உச்சியில நிக்கிற ஆளுங்க எறும்பு மாதிரி தெரியறாங்க. அப்ப வடக்கே இருந்து மேகம் எழும்பிச்சு. முதல்ல பஞ்சு. கால் மணி நேரத்துல காலிஃபிளவர். அடி கறுத்துடுச்சு. எங்கேயோ உருட்டுற சத்தம்.

"மச்சி, இறங்கிடலாம்டா."

"டேய், இன்னும் நூத்தம்பது மீட்டர்டா! அரை மணி நேரம். விளையாடறியா?"

"சத்தம் கேட்டுச்சா இல்லியா?"

"ஏதாவது ஏரோபிளேனா இருக்கும். நீ பயந்தா இங்கேயே உட்காரு, நான் போயிட்டு வர்றேன்."

பதினஞ்சு நிமிஷம் நடுமலையில சண்டை. பஸ் டிக்கெட், பருப்பு, போன செமஸ்டர்ல நான் வாங்கித் திருப்பித் தராத நாப்பது யூரோ, எல்லாம் வெளியே வந்துச்சு. அப்ப மேலே இருந்து ஒரு வயசான ஸ்பானிஷ்காரர் விறுவிறுனு இறங்கி வந்தார். அறுபத்தஞ்சு எழுபது இருக்கும். எங்களைத் தாண்டினவர் நின்னார். எங்க முதுகுப் பையில செங்குத்தா நீட்டிக்கிட்டு இருந்த டென்ட் கம்பியைக் காட்டினார். மேகத்தைக் காட்டினார். வேற ஒரு வார்த்தை பேசலை. இறங்கிப் போயிட்டார்.

ரூம்மேட் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அலுமினியம். ஒண்ணும் பேசாம திரும்பி நடந்தான்.

நாப்பது நிமிஷம்கூட ஆகலை. ஆலங்கட்டி! கோலிக்குண்டு சைஸ்ல. ஏரிப் பள்ளத்துக்கு இறங்கி, கம்பியை எல்லாம் தூரமா வீசிட்டு, பையை அடியில போட்டு அது மேல குந்தி உட்கார்ந்தோம். நாங்க நின்னு சண்டை போட்ட அதே மலை முதுகு மேல மின்னல் இறங்குறதைக் கண்ணால பார்த்தேன். வெள்ளையா ஒரு கோடு. சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து இடிச்சது. எங்களுக்கு அப்புறமும் மேலே போன மூணு பேர் அரை மணி கழிச்சு நனைஞ்ச கோழி மாதிரி ஓடி வந்தாங்க. ஒரு பொண்ணு அழுதுட்டு இருந்தா. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகலை. த்ரெவேலெஸ் வர்ற வரைக்கும் அவன் என்கிட்ட பேசலை. பஸ்ல ஏறினதும் "அந்த நாப்பது யூரோவை வெச்சுக்க"ன்னான்.

இதைப் படிச்சுட்டு மலைப் பக்கமே போக மாட்டேன்னு சொல்லிடாதீங்க. மூணு வாரம் கழிச்சு மறுபடி போனோம். இந்தத் தடவை சுலப வழி. கபிலெய்ராவுல இருந்து பூங்காவோட மினிபஸ், கோடையிலயும் பனி விழற வரைக்கும் ஓடும், 2,700 மீட்டர்கிட்ட இறக்கி விட்டுடும். முன்பதிவு அவசியம். அங்கிருந்து தெற்குச் சரிவுல மூணு மணி நேர நடை. செங்குத்தே கிடையாது, நம்ம வீட்டு மொட்டை மாடிப் படிக்கட்டு ரொம்ப நீளமா இருந்தா எப்படியோ அப்படி. நடு ராத்திரி வானிலை அறிக்கை, ரெண்டு முழுக்கை ஸ்வெட்டர், தொப்பி, கண்ணாடி, ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. வெயில்ல மூக்கு தோல் உரியும், க்ரீம் தடவிக்குங்க. நவம்பர்ல இருந்து மே வரைக்கும் அந்தச் சரிவே வேற மலை. ஐஸ் படிஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். ஷூவுல மாட்டற இரும்பு முள்ளும் ஐஸ் கோடாலியும், அதைப் பயன்படுத்தத் தெரிஞ்ச ஆளும் இல்லாம ஏறக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா 112. மீட்புக்கு வர்றது சிவில் கார்டு போலீஸோட மலைப் பிரிவு. அவங்க வர்ற வரைக்கும் குளிர் தாங்கணும், அதுதான் முக்கியம்.

உச்சியில இடிஞ்ச கல் சுவர் ஒண்ணு இருக்கு. யாரோ கட்டின குடிசைனு நினைச்சேன். இல்லை. 1879-ல இந்த மலை மேல மாசக்கணக்குல டென்ட் போட்டு உட்கார்ந்திருந்தாங்க ஸ்பெயின் நில அளவைக்காரங்க. தலைவர் கார்லோஸ் இபான்யெஸ். அந்தப் பக்கம் அல்ஜீரியாவுல ஃபிரெஞ்சுக்காரங்க, பெரியேங்கிற அதிகாரி தலைமையில. இங்கே முலாசென், தெத்திகா. அங்கே ரெண்டு மலை. நடுவுல மத்தியதரைக் கடல். 270 கிலோமீட்டர் தூரத்துக்கு விளக்கு வெளிச்சத்தை அனுப்பி, அந்தப் பக்கம் தொலைநோக்கியில பிடிச்சு, கோணம் அளந்து, ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் ஒரே கணக்குல கோத்தாங்க. நீராவி இன்ஜினையும் மின்சார விளக்குக்கான சாமானையும் இந்த உச்சிக்கு ஏத்திக் கொண்டு வந்திருக்காங்கன்னா நினைச்சுப் பாருங்க. வாரக்கணக்குல மூட்டம். வெளிச்சம் தெரியலை. காத்திருந்தாங்க. செப்டம்பர்ல ஒரு ராத்திரி தெரிஞ்சது. நம்ம பரங்கிமலையில 1802-ல லாம்ப்டன் சங்கிலியை நீட்டி அடிக்கோடு அளந்து ஆரம்பிச்சாரே, அதே முக்கோணக் கணக்குதான். பத்தாவதுல போட்டுத் திட்டு வாங்கின அதே ட்ரிக்னாமெட்ரி!

தெளிவான நாள்ல ஆப்பிரிக்கா தெரியும். நாங்க நின்ன அன்னிக்கு வெறும் மூட்டம். ரூம்மேட் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துட்டு, "தெரியுதுடா, கொஞ்சமா"ன்னான். எனக்குத் தெரியலை. இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் செல்போன் சிக்னல் ஒரு கோடு வந்ததும் அவங்கம்மாவுக்கு போன் போட்டான். "அம்மா, மலை மேல இருக்கேன்மா... இல்லம்மா, சாப்பிட்டேன்... ஸ்வெட்டர் போட்டிருக்கேன்... சத்தியமா"னு. அந்தப் பக்கம் பேசினது எனக்குக் கேக்கலை. போனை வெச்சுட்டு இடது கால் லேஸைக் குனிஞ்சு ரெண்டு தடவை முடிச்சுப் போட்டான். நரி கடிச்ச லேஸை அவன் இன்னும் மாத்தலை.

அடுத்த வாரம் தண்ணியிலயே போவோம். லிஸ்பனோட பழைய டிராமும் படகும். பை!